தாடையும் பனியனும்

பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. தண்டையார்பேட்டையில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாரிமுனை வரும்வரை கண்ணை மூடிக்கொள்வேன். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் நல்ல தூக்கம் கிடைக்கும். கிளியரிங் ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து கப்பல் சரக்குக் காகிதங்களைத் தட்டச்சு செய்கிறவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் வேறு என்ன சுகம் இருக்கிறது?

அந்தத் தூக்கத்தில்தான் தம்பி பெண்டாட்டியின் போன் வந்தது.

"அக்கா, அவரு போட்டை விக்கப் போறாராம்க்கா. பழவேற்காட்லேர்ந்து ஒரு ஆளு ஞாயித்துக்கெழம பாக்க வர்றானாம். நீ வந்து இன்னா ஏதுன்னு கேளு."

"வித்தா விக்கட்டும்" என்றேன்.

"இன்னாக்கா இப்டி சொல்ற? வித்துட்டு எண்ணூர்ல கன்டெய்னர் யார்டுக்கு வாட்ச்மேனா போறாராம். அவரு ஒரு எடத்துல குந்துற ஆளா? கடலுக்குப் போவாம அவரு இருந்துடுவாரா, நீயே சொல்லு."

போனை வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? தம்பி மேல் கோபம் வந்தது, அவன் பெண்டாட்டி மேல் கோபம் வந்தது, எது நடந்தாலும் அக்காவைக் கூப்பிடு என்கிற என் குடும்பத்தின் மேலேயே கோபம் வந்தது. நான் என்ன தீயணைப்பு வண்டியா?

ஆனால் அவள் சொன்னது நிஜம். என் தம்பிக்குக் கடலை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது. கடலுக்குப் போகாமல் அவன் வீட்டில் கிடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. கூட்டாளி செத்த நாளிலிருந்து.

அந்தப் போட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கரையில் நிற்கிற பைபர் போட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு படம் இருக்கும். அம்மன் இருப்பாள், முருகன் இருப்பார், மாதா இருப்பார், சினிமா நடிகர் இருப்பார், எங்கேயோ வெளிநாட்டில் பந்து உதைக்கிறவன்கூட இருப்பான். படம் இல்லாத போட்டு எங்கள் பக்கத்தில் பொட்டு வைக்காத பெண்பிள்ளை மாதிரி. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே படத்தை எழுதுவார்கள். என் தம்பியின் போட்டில் மட்டும் பக்கத்துக்கு ஒருவன். வலப்பக்கம் ஒரு வில்லன்: பச்சை முகம், இரும்பில் செய்த தாடை, தோளில் சங்கிலி. இடப்பக்கம் ஒரு நாயகன்: கிழிந்த வெள்ளை பனியன் போட்டு முஷ்டியை உயர்த்தியபடி நிற்பான். இருவரும் ஒரு வீடியோ கேமில் வந்தவர்கள். சாமி இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கண்றாவி எப்படி வந்தது என்று கேட்டால், கதை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆரம்பிக்கிறது.

அப்போது எங்கள் தெரு முனையில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. வாரப் பத்திரிகைகளோடு காமிக்ஸும் தொங்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் தம்பிக்குப் பொறுமை போய்விடும் என்பதால், எடுத்து வந்து நான்தான் சத்தமாகப் படிக்க வேண்டும். கூடவே அவன் தோஸ்து வந்து உட்கார்ந்துகொள்வான். ராயபுரத்து பாய் வீட்டுப் பிள்ளை, மோட்டார் மெக்கானிக்கின் மகன். அவன் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும்; புத்தகத்தைத் தொடாதே என்று நான் கத்துவேன்; அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பான்.

என் தம்பிக்கு நாயகர்களைக் கண்டாலே ஆகாது. "இன்னாக்கா பண்றான் அவன்? சொம்மா வந்து ஒதைக்கிறான். வில்லனைப் பாரு, மலையைக் கொடைஞ்சி ரூம் கட்டிகீறான், கடலுக்கு அடில கப்பல் வுட்டுகீறான், நூறு ஆளுக்கு வேலை குடுத்துகீறான். ஒழைக்கிறவன் அவன்தான். கடைசிப் பக்கத்துல அந்த சோம்பேறி வந்து பேர் வாங்கிகினு போறான்" என்பான். அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. நானும் அத்தனை காமிக்ஸ் படித்திருக்கிறேன். ஒரு நாயகன்கூட காலையில் எழுந்து தண்ணி லாரிக்குக் குடம் வைத்ததாகப் படித்ததில்லை. ஒருத்தனுக்கும் முழங்கால் வலித்ததில்லை. உலகத்தைக் காப்பாற்றிவிட்டு மறுநாள் ஆபீஸுக்கு லேட்டாகப் போய் மேனேஜரிடம் திட்டு வாங்கியதில்லை.

தோஸ்து இதிலெல்லாம் கலந்துகொள்ள மாட்டான். புத்தகத்தை மூடிய பிறகு மட்டும் ஒரு கேள்வி கேட்பான்.

"அக்கா, அப்பால அந்த வில்லன் இன்னா ஆனான்?"

"செத்துட்டான்."

"செத்த மாதிரி காட்லியே. தண்ணில வுழுந்தான், அவ்ளோதானே?"

"டேய், கதை முடிஞ்சிடுச்சி. வூட்டுக்குப் போடா."

போவான். அடுத்த வாரம் வேறு கதை, வேறு வில்லன், அதே கேள்வி. அவன் கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் வீடியோ கேம் கடை வந்தது. ஒரு நீளமான அறை, காற்றே கிடையாது, பீடி வாசனை, உள்ளே மெஷின்கள் கத்திக்கொண்டிருக்கும். அங்கேதான் எங்கள் வீட்டுக்குத் தாடையும் பனியனும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் நின்று ஆடும் சண்டை ஆட்டம். ஆரம்பிக்கும்போது திரையில் வரிசையாக முகங்கள் வரும். ஆளுக்கு ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். ஒருவனை இரண்டு பேரும் எடுக்க முடியாது. யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்களுக்கே அவன். இரும்புத் தாடைக்காரனை என் தம்பி ஒரு நாளும் விட்டதில்லை. தோஸ்துக்கு எப்போதும் கிழிந்த பனியன்காரன்தான்.

"அவன் கை ஸ்லோக்கா" என்று வீட்டுக்கு வந்து பீற்றிக்கொள்வான் தம்பி. "நான் டக்குனு தாடையை அமுக்கிடுவேன். அவன் முழிச்சிகினே நிப்பான்."

அம்மா என்னை அனுப்புவாள். நான் போய் இவன் காதைப் பிடித்து இழுத்து வருவேன். அந்தச் சந்தில் போகிற ஒரே பெண் நான்தான், பையன்கள் சிரிப்பார்கள், எனக்கு அவமானமாக இருக்கும். தோஸ்து மட்டும் "சாரிக்கா, நான்தான் இன்னொரு ஆட்டம்னு கூப்ட்டேன்" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வான். அவன் சொன்னான் என்பதற்காகவே அவனுக்கும் ஒரு குட்டு வைப்பேன்.

வளர்ந்தார்கள். தம்பி அப்பாவோடு கடலுக்குப் போனான். தோஸ்து அவன் அப்பாவின் பட்டறைக்குப் போனான். சும்மா சொல்லக்கூடாது, அவன் கை மாதிரி கை இந்தக் கரையில் கிடையாது. போட்டு மோட்டாரை அவன் கழற்றி மாட்டும் வேகத்தை நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவன் டீ குடித்து முடிப்பதற்குள் மோட்டார் பாடத் தொடங்கிவிடும்.

இரண்டு பேரும் சேர்ந்து பைபர் போட்டு வாங்கினார்கள், பாதிக்குப் பாதி. பாய் வீட்டுப் பிள்ளை கடலுக்கா என்று எங்கள் குப்பமும் சிரித்தது, அவர்கள் தெருவும் சிரித்தது. "மோட்டார் எங்க போவுதோ அங்க நானும் போவேன்" என்று அவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். முதல் ஒரு மாதம் வாந்தி எடுத்துக்கொண்டே போனான். பிறகு பழகிவிட்டது.

படம் எழுதுகிற நாள் வந்தபோதுதான் சிக்கல். அம்மா அங்காளம்மனைத்தான் எழுத வேண்டும் என்றாள். தம்பிக்கு அதில் சங்கடம். தோஸ்தின் பங்கும் இருக்கிற போட்டில் நம் சாமியை மட்டும் எப்படி எழுதுவது? அவர்கள் உருவம் எழுதிக் கும்பிடுகிறவர்களும் இல்லை. கரையில் மணலில் உட்கார்ந்து பேசிப் பேசி, கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது அந்த கேம் கடை ஒன்றுதான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ராட்சசன் மூஞ்சியைப் போட்டு எவனாவது கடலுக்குப் போவானாடா?"

"நைனா, வூட்டு வாசல்ல பூசணிக்காய்ல இன்னா மூஞ்சி வரையறோம்? அழகான மூஞ்சியா? திருஷ்டிக்கு ராட்சசன்தான் நிக்கணும். நல்லவன் நின்னா எவனுக்குப் பயம்?" என்று அம்மாவையே நைனா என்று கொஞ்சி மடக்கினான் தம்பி. குப்பத்துப் பெரியவர்களும் அது சரிதான் என்றார்கள். தம்பி முந்திக்கொண்டு வலப்பக்கம் தாடை என்றான். தோஸ்து, "அப்போ எனக்கு பனியன்" என்றான். அன்றிலிருந்து கரையில் அதற்குப் பெயர் தாடை போட்டு. மீன் ஏலத்தில் நிற்கிற பெண்கள், "தாடைக்காரன் வந்துட்டானா, இன்னா கொணாந்துகீறான்?" என்றுதான் கேட்பார்கள். பனியன்காரனை ஒருத்தரும் கேட்டதில்லை.

வருடா வருடம் படத்துக்கு மறுபடி வண்ணம் கொடுப்பது தோஸ்துதான். தாடையை முதலில் செய்வான், பல்லெல்லாம் பளபளக்க, கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து. தன் பக்கத்துப் பனியன்காரனுக்கு மிச்சமிருந்த வண்ணம்தான். ஒரு தடவை பனியன் நீல நிறத்தில் இருந்தது.

அவன் போன விதமும் சத்தமில்லாமல்தான் இருந்தது. காலையில் கரைக்குத் திரும்பினார்கள். மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்தான். பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தான். "மாமு, கொஞ்சம் தண்ணி குடு" என்றானாம். தம்பி கேன் எடுக்கத் திரும்பினான். திரும்பி வந்தபோது முடிந்துவிட்டது. கப்பலும் மோதவில்லை, புயலும் அடிக்கவில்லை. கதைகளில் இப்படி ஒருத்தரையும் சாக விடமாட்டார்கள்.

அடக்கம் முடிந்ததும் தம்பி ஆட்களை வைத்துப் போட்டை மணலில் மேலே ஏற்றி வைத்தான். கூட வேலைக்கு வந்த இரண்டு பேரும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு போட்டுக்குப் போய்விட்டார்கள்.

போன் வந்த மறுநாள் காலையில், ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கரைக்குப் போனேன். தம்பி போட்டின் நிழலில் உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன், அதில் ஏதோ துப்பாக்கி ஆட்டம். சுட்டுக்கொண்டே இருந்தான், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தாடி வளர்ந்திருந்தது. என் வாயில் வந்தது திட்டுதான்.

"இன்னாடா, பொழுதுக்கும் இத்தயே நோண்டிகினு கீறியாமே? வாட்ச்மேனா போறியா நீ? யார்டுல விசில் ஊதிகினு நிப்பியா?"

"கம்முனு இருக்கா."

"ஏன் கம்முனு இருக்கணும்? ஒன் பொண்டாட்டி என் தூக்கத்தைக் கெடுக்கிறா. போட்டை எறக்கிட்டுப் போயேன்டா."

அவன் எழுந்து என்னை இடப்பக்கம் கூட்டிப் போனான். பனியன்காரனுக்கு மூக்கு இல்லை. வாயில் பாதி இல்லை. துறைமுகத்தில் மற்ற போட்டுகளோடு உரசி உரசி வண்ணம் பெயர்ந்திருந்தது. முஷ்டி மட்டும் உயர்ந்தபடி இருந்தது.

"இத்தப் பாருக்கா. இப்டியே எறக்க முடியாது, கலீஜா கீது. பெயின்ட்டரு வந்து திருப்பி எழுதட்டுமான்னு கேட்டான். எப்டி எழுதறது? இது அவன் சைடு. இன்னொருத்தன் கை வெச்சா அது அவன் வெச்ச மூஞ்சி. சரி, அழிச்சிடலாம்னு உப்புத்தாளு எடுத்தேன். கை வரலக்கா. அவனையே தேய்க்கிற மாதிரி கீது." மணலில் கிடந்த உப்புத்தாளைக் காலால் தள்ளினான். "எழுதவும் முடியல, அழிக்கவும் முடியல. வித்துடறேன். வாங்கறவன் இன்னா வோணா பண்ணிக்கட்டும்."

"அவன் வூட்ல கேட்டியா? பாதி போட்டு அவுங்களுது."

"எப்டிக் கேக்கறது? அவன் பொண்டாட்டி இத்தால கீது. நான் போய் நிக்க முடியுமா?"

நான் மறந்தே போய்விட்டேன். இத்தா என்றால், புருஷன் போன பெண் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருப்பாள், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். கூடவே வளர்ந்தவன், அவர்கள் வீட்டு பிரியாணியில் பாதியைத் தின்றவன், ஆனாலும் இவன் வெளி ஆள்தான். திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவளிடம் ஒரு வார்த்தை பேசக்கூட இவனுக்குத் தைரியம் இல்லை. போவதற்கு இருப்பது ஒரே ஒருத்தி. வேறு யார்?

"நான் போறேன்" என்றேன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள வித்துகித்துத் தொலைச்ச, அப்பால அக்கான்னு வராத."

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் ராயபுரம் போனேன். சந்து அதே சந்துதான். கேம் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. படி ஏறும்போது முழங்கால் உயிரை வாங்கியது. தோஸ்தின் பெண்டாட்டி வெள்ளைத் துப்பட்டா போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு டீ போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்: பனியன்காரன் மூஞ்சி போய்விட்டது, தம்பி தொட மாட்டேன் என்கிறான், போட்டை விற்கப் பார்க்கிறான்.

அவள் முகம் மாறியது.

"விக்கிறாரா? அவரு பாட்டுக்கு வித்துடுவாரா? எங்க வூட்ல அடுப்பு எதுலக்கா எரியுது? ஒங்க தம்பிக்குத் துக்கம்னா வூட்ல குந்திக்கிலாம். நான் எங்க போய்க் குந்தறது? நான் ஏற்கெனவே குந்திகினுதான் கீறேன்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"அந்த பனியனை எழுதறதா அழிக்கிறதான்னுதான் அவனுக்கு..." என்று இழுத்தேன்.

"அழிக்கச் சொல்லுங்க" என்றாள் பட்டென்று. "அந்த பனியன்காரன் மூஞ்சி எங்க வூட்டுக்காரருக்குப் புடிச்சாத்தானே?"

"இன்னாம்மா சொல்ற?"

அவள் அலமாரியிலிருந்து அவன் போனை எடுத்து வந்தாள். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன், சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். அமுக்கினாள். திரை முழுக்கத் தாடைக்காரன். போட்டின் வலப்பக்கம், புது வண்ணத்தோடு, கண்ணில் சிவப்புப் புள்ளியோடு.

"பொண்ணு போட்டோவை வைங்கன்னு எத்தினி வாட்டி சண்ட போட்டுகீறேன், தெரியுமா? கேக்கமாட்டாரு. சின்ன வயசுலேர்ந்து இவருக்கும் தாடைதான்கா உசுரு. நீங்க படிச்சிக் காட்டுவீங்களாமே புத்தகம், அதுலயும் வில்லன் தப்பிச்சிட்டானான்னு தெரியாம வூட்டுக்கு வந்து தூங்கமாட்டாராம்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்போ அந்தக் கடைல..."

"பொத்தானை அமுக்கறதா?" அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அத்தனை நாளுக்கப்புறம் வந்த சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "இவரு கை ஸ்லோவாக்கா? இவரு கையைப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா? நானும் கேட்டேன், ஏன் வுட்டுக் குடுத்தீங்கன்னு. 'ரெண்டு பேரும் தாடையே வோணும்னா ஆட்டம் எங்க கீது? எவனாவது ஒருத்தன் பனியனா நிக்கணும். அவனுக்குத் தாடை கெடைக்கலன்னா மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு வூட்டுக்குப் போயிடுவான். எனக்கு ஆட்டம்தானே வோணும்'னாரு. அவ்ளோதான்கா. அத்த ஒரு பெரிய விசயமாவே சொல்லல."

கீழே சந்தில் யாரோ பைக்கை ஸ்டார்ட் செய்ய முயன்று கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எத்தனை தடவை "செத்துட்டான், போடா" என்று அந்தப் பிள்ளையை விரட்டியிருக்கிறேன். தப்பித்துவிட்டான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கரைக்கு நேராகப் போனேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி அதே இடத்தில், அதே போனோடு. அவன் முன்னால் நின்றபடியே சொல்லி முடித்தேன். சொல்வதற்கு ஒன்றும் அலங்காரம் செய்யவில்லை. அவ்வளவு தெம்பும் இல்லை. அவன் முதலில் நம்பவில்லை. "சொம்மா சொல்ற" என்றான். போன் திரையைப் பற்றிச் சொன்னதும் அவன் கை நின்றது. கையில் இருந்த ஆட்டத்தில் எவனோ அவனைச் சுட்டுச் சாய்த்தான், அவன் பார்க்கவில்லை.

"கஸ்மாலம்" என்றான். "கஸ்மாலம் புடிச்சவன். இத்தினி வருசமா என்னை டபாய்ச்சிகீறான்க்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." போட்டின் மேல் தலையை முட்டிக்கொண்டு அழுதான். செத்த அன்றைக்குக்கூட அவன் இப்படி அழவில்லை. நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். மீன் கூடையோடு போனவர்கள் பார்த்தும் பாராமல் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, விற்கிற வேலையைத் தடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே போனேன். பழவேற்காட்டுக்காரர் எனக்கு முன்பே வந்துவிட்டார். போட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க வேலை செய்த முகத்தோடு பெயின்ட்டர் டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தான். தம்பி லுங்கியெல்லாம் பச்சை வண்ணத்தோடு நின்றிருந்தான்.

"இன்னாபா இது, ஈரமா கீது? விக்கிற போட்டுக்கு எவனாவது படம் எழுதுவானா?" என்றார் அவர்.

"விக்கலண்ணா. நீ வந்த செலவை நான் பாத்துக்கறேன். நாஸ்தா துன்னுட்டுப் போ."

"ஏன்பா, மனுசனை வரச் சொல்லி பேஜாரு பண்ற" என்று அவர் கத்த, தம்பி கையெடுத்துக் கும்பிட்டு அவரை டீக்கடைக்கு அனுப்பி வைத்தான்.

நான் போட்டின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். இடப்பக்கத்தில் பனியன்காரனைக் காணோம். அங்கே தாடைக்காரன் நின்றான், பச்சை முகமும் பல்லும் சங்கிலியுமாக. வலப்பக்கம் வந்தேன். தாடை இருந்த இடத்தில் கிழிந்த பனியன்காரன், மூக்கோடும் முழு வாயோடும்.

"இன்னாடா, பக்கம் மாத்திட்ட?"

தம்பி துணியால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாடி இல்லை. மழித்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"ஆமாக்கா" என்றான். "இந்த வாட்டி அவன் மொதல்ல அமுக்கட்டும்."

என் போனில் இடப்பக்கத்தைப் படம் பிடித்து ராயபுரத்துக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடப் போகும்போது தோஸ்தின் பெண்டாட்டியிடமிருந்து குரல் செய்தி வந்தது. காதில் வைத்துக் கேட்டேன். பின்னால் குழந்தை ஸ்கூலுக்குக் கிளம்புகிற சத்தம்.

"அக்கா, கண்ணுல செவப்புப் புள்ளி வெக்காம வுட்டுட்டாங்க. எறக்கறதுக்கு முன்னாடி வெக்கச் சொல்லுங்க. அவரு பாத்தா திட்டுவாரு."

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.